பருப்பு எத்தனை கிராம்?

‘புரதம்’ என்ற சொல்லுக்கு இப்போது நல்ல காலம் பிறந்திருக்கிறது. பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு மூலையில் கிடந்த அந்தச் சொல் இன்று மளிகைக் கடை அலமாரியில் டப்பா டப்பாவாக நிமிர்ந்து நிற்கிறது. மாவில் புரதம், பிஸ்கோத்தில் புரதம், பாலில் கூடுதல் புரதம்! கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், “சார், நாமெல்லாம் சைவம். நமக்குப் புரதம் போதுமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டாவது ஜாங்கிரியைக் கடிக்கிறார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, “போதவே போதாது. தயிர்சாதம் தின்று வளர்ந்தவர்கள் எல்லாம் சவலைகள்” என்கிறது. மற்றொரு கட்சி, “நம் முன்னோர்களுக்குத் தெரியாததா? அவர்கள் நூறு வயசு வாழவில்லையா?” என்று மார் தட்டுகிறது. இரண்டு கட்சிக்காரர்களும் வயிறாரச் சாப்பிட்டவர்கள். அதனால்தான் வாதம் இவ்வளவு சுவையாக நடக்கிறது.

நான் பிறவியிலிருந்து சைவச் சாப்பாட்டுக்காரன். அதில் எனக்குப் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை; பழக்கம், அவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு கட்சிகளும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்கவே இந்தக் கட்டுரை.

முதலில் விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் கணக்கிட்டுச் சொல்லியிருக்கின்றன. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 7 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் துவரம் பருப்பில் 22 கிராம். உளுந்தில் கொஞ்சம் கூடவே இருக்கும். வேர்க்கடலையில் 25 கிராம். தயிரில் 3 கிராம். அரிசியின் புரதத்தில் ‘லைசின்’ என்ற ஒரு சத்து குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் ‘மெத்தியோனின்’ குறைவு. அந்தக் குறையை அரிசி ஈடு செய்கிறது. ஆகவே அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி, அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கல், நாலு பருப்பும் போட்டு அரைத்த அடை ஆகியவை எல்லாம் ருசிக்காக ஏற்பட்டவையாக இருக்கலாம். ஆனால் சத்துக் கணக்கிலும் அவை தேறிவிடுகின்றன.

தாவரப் புரதம் இரண்டாந்தரமானது என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. புரதக் குறைவால் உடம்பு வீங்கிப்போன குழந்தைகளுக்குத் தாவரப் புரதத்தைக் கொண்டே சிகிச்சை செய்த விவரத்தை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1956-லேயே எழுதி வெளியிட்டார்கள். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், வேர்க்கடலை மாவு முக்கால் பங்கும் கடலை மாவு கால் பங்கும் கலந்து ‘பல்நோக்கு உணவு’ என்று ஒன்றைத் தயாரித்தது. டப்பாவில் மாட்டுப்பால் சாரத்தை அடைத்து ஆயிரக்கணக்கில் விலை வைக்கும் காலத்துக்கு வெகு முன்பே, நம்மவர்கள் கடலையில் விடை கண்டிருந்தார்கள். 2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் புரதப் பொடிகளைத் தவிர்க்கும்படியே சொல்கிறது.

ஆகவே, சைவச் சாப்பாட்டில் புரதம் போதுமா என்ற கேள்விக்குப் பதில்: போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சாப்பாட்டில் பருப்பு இருக்க வேண்டும்!

இதென்ன பிரமாதமான கண்டுபிடிப்பு என்று வாசகர்கள் சிரிக்கலாம். சிரிப்பவர்களை ஸ்ரீபெரும்புதூருக்கு அழைத்துப் போக விரும்புகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் ராமாநுஜர் அவதரித்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் வைணவத் தலம். அந்தத் தலத்தைச் சுற்றி இன்று எங்கு பார்த்தாலும் ‘சைவச் சாப்பாடு’ என்று போர்டு தொங்குவதில் உள்ள வேடிக்கையை ரசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. ஏரிப் பாசனத்தில் நெல்லும், மேட்டு நிலத்தில் வேர்க்கடலையும் விளைந்த பூமியில் கார், மோட்டார் சைக்கிள், கண்ணாடி, டயர், கைப்பேசி எல்லாம் விளைய ஆரம்பித்தன. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையில் ஷிப்டு மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். வரிசை வரிசையாகக் கம்பெனி பஸ்கள். ஜன்னலோரம் சாய்ந்து தூங்கும் பெண் முகங்கள். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும். திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து, விடுதியில் தங்கி, மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பும் பெண்கள்.

அந்த முகங்களில் ஒன்று என் பால்ய நண்பர் ஒருவரின் மகளுடையது. வந்தவாசிப் பக்கத்துப் பெண். அதன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி உண்டு. நடுவில் முட்டை, கருவாடு ஏதாவது இருக்கும். விடுதியில் சேர்ந்த நாளிலிருந்து அது சைவமாகிவிட்டது. யாரும் அதற்கு உபதேசம் செய்யவில்லை. காண்ட்ராக்டர் செய்து வைத்த தீட்சை அது!

“சாப்பாடெல்லாம் எப்படியம்மா?” என்று கேட்டேன்.

“வயிறு ரொம்பிடும் மாமா. சோறு எவ்வளவு கேட்டாலும் போடுவாங்க. சாம்பார்தான்... அதிலே முகம் பார்த்துப் பொட்டு வெச்சுக்கலாம்” என்று சொல்லிச் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வட்டாரத்திலேயே வேறொரு விடுதியில் சமையல் செய்யும் பெரியவர் ஒருவரிடம் விசாரித்தேன். மனுஷர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: “நூறு பேருக்கு ஒரு கிலோ பருப்பு எடுத்துக் குடுப்பாங்க சார். பரங்கிக்காயைப் போட்டு, மஞ்சளைத் தூக்கலாப் போட்டு, கொஞ்சம் மாவையும் கரைச்சு விட்டா நிறம் வந்துடும். என் கையிலே என்ன, அட்சய பாத்திரமா இருக்கு?”

நூறு பேருக்கு ஒரு கிலோ என்றால் தலைக்குப் பத்து கிராம். நம் வீடுகளில் நாலு பேருக்குச் சாம்பார் வைக்க ஆழாக்குப் பருப்பாவது எடுக்கிறோம். தலைக்கு முப்பது கிராமுக்குக் குறையாது. அதாவது, நம் வீட்டுச் சாம்பாரில் மூன்றில் ஒரு பங்குதான் அந்தச் சாம்பார். ஆனால் இரண்டுக்கும் பெயர் ஒன்றே. போர்டிலும் பில்லிலும் காண்ட்ராக்டுப் பத்திரத்திலும் ‘சாம்பார்’ என்றுதான் எழுதியிருக்கும்.

கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். காலையில் நாலு இட்லி. ஏழெட்டு கிராம் புரதம். மத்தியானமும் ராத்திரியுமாக 250 கிராம் அரிசிச் சோறு. 17 அல்லது 18 கிராம். இரண்டு வேளைச் சாம்பாரில் 20 கிராம் பருப்பு, நாலரை கிராம். காய்கறிப் பொரியலில் இரண்டு, மூன்று. பால் கலந்த தேநீரில் இரண்டு. எல்லாம் கூட்டினால் 34 கிராம் தேறுகிறது. வேண்டியது 46. இந்தப் பன்னிரண்டு கிராம் பள்ளத்தைச் சோற்றாலேயே நிரப்பப் பார்த்தால், நாளொன்றுக்கு இன்னும் 170 கிராம் அரிசியை வடித்துக் கொட்ட வேண்டும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே திருகாணி முடுக்கும் பெண்ணுக்கு அந்த வகையில் கிடைப்பது மந்தமும் மயக்கமுமே. தவிர, பருப்பு குறைந்தால் புரதம் மட்டுமா குறைகிறது? இரும்புச் சத்தும் கூடவே குறைகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசு வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல உண்டு. தெளிந்த சாம்பார் அவற்றில் எதையும் குறைக்கப் போவதில்லை.

சரி, இந்தப் பள்ளத்தை நிரப்ப எவ்வளவு செலவாகும்? முப்பது கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், சாம்பாரில் இன்னும் இருபது கிராம் பருப்பு, சாயந்திரம் இருபது கிராம் வேர்க்கடலை. பதினைந்து கிராம் புரதம் வந்துவிடும். பள்ளம் நிரம்பிக் கொஞ்சம் வழியவும் செய்யும். கொண்டைக்கடலை கிலோ நூறு ரூபாய், மற்ற இரண்டும் நூற்றைம்பது என்று வைத்துக்கொண்டால், ஒன்பது ரூபாய். விலை ஏறினாலும் பத்துப் பன்னிரண்டு ரூபாய். ஒரு கைப்பேசியின் விலையில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று வாசகர்கள் கணக்குப் பார்த்துக் கொள்ளட்டும்.

ஒரு கேள்வி எழலாம். “அந்தப் பெண்கள் ஏன் முறையிடவில்லை?” முறையிட்டார்கள் ஐயா, ஒரு முறை! 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு நஞ்சாகி, 250-க்கு மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தர வேண்டியதாயிற்று. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டது. ஏறக்குறைய 17,000 பேர் வேலை செய்த ஆலை அது. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ந் தேதிதான் ஆலை மறுபடி திறந்தது. உலகம் பூராவும் பத்திரிகைகள் எழுதின.

நஞ்சு கலந்த சோறு வாந்தியாக வெளியே வந்துவிடுகிறது. அதற்கு ஆம்புலன்ஸ் உண்டு, மறியல் உண்டு, தலைப்புச் செய்தி உண்டு. பருப்பு இல்லாத சோறோ சத்தம் போடாமல் உள்ளே போகிறது. வயிற்றை நிரப்பிப் பசியை அடக்கி, ‘சாப்பிட்டாயிற்று’ என்ற நிம்மதியையும் தருகிறது. மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் உடம்பைத் தேய்க்கிறது. அந்தத் தேய்வுக்கு எந்த நெடுஞ்சாலையில் உட்காருவது?

காண்ட்ராக்டர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நான் கட்சிக்காரனாகிவிடுவேன். “தலைக்கு இவ்வளவு என்று அடிமாட்டு விலைக்கு டெண்டர் எடுக்கிறோம். அரிசி விலை குறையாது. கேஸ் விலை குறையாது. ஆள் கூலி குறையாது. பின் எதைக் குறைப்பது?” என்கிறார்கள். உண்மை. ஆனால், அடுப்பில் ஏறும் பண்டங்களில் குறைத்தாலும் கண்ணுக்குத் தெரியாதது பருப்பு ஒன்றுதான். சோற்றைக் குறைத்தால் தட்டு காட்டிக் கொடுக்கும். உப்பைக் குறைத்தால் நாக்கு காட்டிக் கொடுக்கும். பருப்பைக் குறைத்தால் பரங்கிக்காய் மறைத்துவிடும். அதனால்தான் அளவு வேண்டும் என்கிறேன். எழுத்தில் வேண்டும் என்கிறேன்.

அளவு எழுதுவது நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களில், நைவேத்தியத்துக்கு அரிசி இத்தனை, பருப்பு இத்தனை, நெய் இத்தனை, தயிர் இத்தனை என்று நாழி, உழக்கு, ஆழாக்குக் கணக்கில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சாப்பிடாத சாமிக்கே அளவு! மடைப்பள்ளிக்காரரின் மனச்சாட்சியை மட்டும் நம்பிச் சக்கரவர்த்தி ராஜராஜன் சும்மா இருந்துவிடவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 1956-ல் காமராஜர் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். இன்று நாடு முழுவதும் நடக்கும் மதிய உணவுத் திட்டத்தின் விதியில், தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 20 கிராம் பருப்பு, நடுநிலைப் பள்ளிக் குழந்தைக்கு 30 கிராம் பருப்பு என்று அச்சாகியிருக்கிறது. எல்லா ஊரிலும் அப்படியே நடக்கிறதா என்பது வேறு விஷயம். நடக்காவிட்டால், “ஏன் நடக்கவில்லை?” என்று கேட்க ஓர் எண் இருக்கிறது, அதுதான் முக்கியம்.

தொழிலாளிக்கு? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46-வது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காண்டீன் வேண்டும் என்றது. என்ன பண்டம் பரிமாறுவது, என்ன விலை, நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி எத்தனை பேர் என்பதற்கெல்லாம் விதி செய்யும் அதிகாரத்தை ராஜ்ய சர்க்காருக்குக் கொடுத்தது. 2020-ம் வருஷத்துச் சட்டத் தொகுப்பு, 100 பேர் இருந்தாலே காண்டீன் வேண்டும் என்று எண்ணிக்கையைக் குறைத்தது. நல்ல காரியங்கள்தாம். ஆனால் எத்தனை பேருக்குக் காண்டீன் என்று எண்ணிய சட்டம், கரண்டியில் எத்தனை கிராம் பருப்பு என்று எண்ணவில்லை. ஆறு வயசில் 20 கிராம் பருப்புக்கு உரிமை பெற்ற பெண், பன்னிரண்டு வயசில் 30 கிராமுக்கு உரிமை பெற்ற அதே பெண், இருபது வயசில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுக்கும்போது பத்து கிராமுக்கு இறங்கிவிடுகிறாள்!

இதில் இன்னொரு விசித்திரம். அந்த ஆலைகளுக்குள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கே அளக்காத பொருள் இல்லை. தகட்டின் கனம் மைக்ரான் கணக்கு. திருகாணியின் இறுக்கத்துக்கு ஒரு கருவி. பெயிண்டின் தடிப்புக்கு ஒரு கருவி. அளவில் மயிரிழை தவறினால் பாகத்தைத் தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அத்தனையும் அளக்கும் ஊரில், அளக்கிறவளின் சாப்பாட்டில் விழும் பருப்பை மட்டும் கண்ணளவில் விட்டிருக்கிறார்கள்.

“ஒரு முட்டை கொடுத்துவிட்டால் தீர்ந்தது, எதற்கு இத்தனை பருப்புப் புராணம்?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுங்கள். முட்டை சாப்பிடுகிறவளுக்கு முட்டையை மறுக்க எவனுக்கும் உரிமை இல்லை. என் பழக்கத்தை இன்னொருவர் தட்டில் திணிப்பவன் நான் அல்ல. ஆனால் முட்டை சாப்பிடாதவளுக்கு என்ன தருவீர்கள்? நம் சத்துணவில் முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் என்று ஏற்பாடு. முட்டையில் ஆறு கிராம் புரதம். வாழைப்பழத்தில் ஒரு கிராம். ஆறுக்கு ஒன்று சமம் என்று எந்தக் கணக்கு வாத்தியார் ஒப்புக்கொள்வார்? ஒரு சுண்டல் போட்டிருக்கலாம். இரண்டு கடலை உருண்டை கொடுத்திருக்கலாம். ‘சைவம்’ என்றால் மாமிசத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடுவது என்றே நம் அதிகாரிகளும் காண்ட்ராக்டர்களும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். சைவச் சமையலுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறு இல்லை.

பெரிய இடத்துத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1961-ல் இந்தியாவில் தலைக்கு நாளொன்றுக்கு 69 கிராம் பருப்பு வகை கிடைத்து வந்தது. 2005-ல் அது சுமார் 32 கிராமாகச் சரிந்தது. பிறகு ஓரளவு ஏறியிருக்கிறது. பழைய அளவை எட்டவில்லை. பசுமைப் புரட்சி நெல்லுக்கும் கோதுமைக்கும் நல்ல விதை, தண்ணீர், உரம், விலை உத்தரவாதம் எல்லாம் கொடுத்தது. பருப்பு வானம் பார்த்த நிலத்திலேயே நின்றுவிட்டது. சோற்றுப் பஞ்சம் தீர்ந்தது. சோற்றின் மேல் ஊற்றுவது நீர்த்தது. தமிழ்நாட்டில் 2007 முதல் ரேஷன் கடையில் மலிவு விலைக்குத் துவரம் பருப்பு கொடுக்கிறார்கள், பாராட்டுகிறேன். ஆனால் கிராமத்து வீட்டின் கார்டுக்குக் கிடைக்கும் அந்த ஒரு கிலோ, ஒரகடத்து விடுதியில் படுத்திருக்கும் மகளின் தட்டுக்கு வந்து சேருவதில்லை.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 18,720 பேர் தங்க ஒரு பிரம்மாண்டமான விடுதியைத் தமிழக அரசு திறந்து வைத்தது. நல்ல காற்று, நல்ல படுக்கை, நல்ல தண்ணீர் வேண்டும் என்று அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தது வீண் போகவில்லை என்று மகிழலாம். அந்தக் கட்டிடத்துக்குப் போட்ட கம்பி எத்தனை மில்லிமீட்டர், சிமெண்டு எத்தனை பங்கு என்று டெண்டரில் எழுதாமலா இருந்திருப்பார்கள்? கட்டிடம் விழாமலிருக்க எழுதும் அதே கையால், உள்ளே இருக்கும் உடம்பு விழாமலிருக்கவும் ஒரு வரி எழுதட்டும்.

நான் கேட்பது அந்த ஒரு வரிதான். அந்த வட்டாரத்திலுள்ள எல்லா ஆலைக் காண்டீன்களிலும், எல்லா விடுதிகளிலும், சமையல் காண்ட்ராக்டில் ‘சாம்பார், கூட்டு, பொரியல்’ என்று பெயரை எழுதி நிறுத்திவிடாமல், தலைக்குப் பருப்பு வகை இத்தனை கிராம், கடலை இத்தனை கிராம், தயிர் இத்தனை என்று எழுத வேண்டும். அந்த அளவைத் தமிழில் பெரிய எழுத்தில் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்ட வேண்டும். பருப்பு உலைக்குப் போகுமுன் தராசில் நிறுக்கும்போது, தொழிலாளிப் பெண்களில் இருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்த அளவுக்கு உரிய காசைக் காண்ட்ராக்டருக்குக் கம்பெனி கொடுக்க வேண்டும். தராசும் சுவரும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக வாங்க வேண்டியது ஒன்றுமில்லை, பருப்பைத் தவிர.

புரத டப்பாவை எடுத்து லேபிளில் ‘ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம்’ என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கும் வாசக நண்பர்களே! உங்கள் கையிலுள்ள கைப்பேசியும், வாசலில் நிற்கும் காரும் எந்தச் சாலையிலிருந்து வந்தனவோ, அந்தச் சாலையில் ஓர் அண்டா கொதித்துக் கொண்டிருக்கிறது. அதன் மேல் ஒரு லேபிளும் இல்லை. உங்களில் ஒருவர் அந்தக் கம்பெனியில் அதிகாரியாக இருக்கலாம். ஒருவர் காண்டீன் குழுவில் இருக்கலாம். ஒருவர் காண்ட்ராக்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவராகவே இருக்கலாம். அடுத்த தடவை அந்தக் காகிதம் மேஜைக்கு வரும்போது, கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பருப்பு எத்தனை கிராம்?”